தானாக வெந்த ராஜ்மா

பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாற்றில் அவர்கள் எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்பதைத் தவறாமல் எழுதிவிடுகிறார்கள். விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து யோசித்தாராம். வெறுமனே யோசிக்க எழுந்தவருக்கே இத்தனை மரியாதை. அதே நாலு மணிக்கு ஒரு கோழி, அரைக்கிலோ ராஜ்மா, ஏழு வெங்காயம் சகிதமாக எழுந்து நின்ற ஒரு பெண்மணியைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆத்திரம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். நீங்களும் கூடச் சேர்ந்து ஆத்திரப்படலாம்.

அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். பயணிகளுக்கு டிரைவரக்கா. காலை ஐந்தரை மணி முதல் வண்டி அவருடையது. நடுப்பகலில் மூன்று மணி நேரம் ஓய்வு. பிறகு மறுபடி ஓட்டிவிட்டு வீடு திரும்ப ஏழு மணி. கணவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். ஐந்தரைக்கெல்லாம் வீட்டில் இருப்பார். ஒன்பதாவது படிக்கும் பெண், ஐந்தாவது படிக்கும் பையன்.

இந்த நாலு பேருக்கும் ராத்திரிச் சாப்பாடு போடுவது சமையலறை மூலையில் இருக்கும் ஸ்லோ குக்கர். மின்சாரத்தில் வேலை செய்யும் பீங்கான் பானை, கண்ணாடி மூடி, ‘குறைவு’, ‘அதிகம்’ என்று ஒரு திருகு. காலையில் வைத்தால் சாயங்காலம் வெந்திருக்கும். டிரைவரக்கா அதற்கு வைத்த பெயர் டவுன் பஸ். “ஒவ்வொரு ஸ்டாப்பா நின்னு நின்னுதான் போகும். ஆனா போய்ச் சேர்ந்துடும்” என்பார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த பஸ் போய்ச் சேரும் இடத்தில் மாலையோடு நிற்பவர் கணவர். மூடியைத் திறப்பார். ஆவி கிளம்பும். மூக்குக்கண்ணாடி மங்கும். துடைத்துக்கொண்டு, ஒரு சிட்டிகை மிளகுத் தூளை மேலாகத் தூவுவார். அவ்வளவுதான். அந்த ஒரு சிட்டிகையோடு, காலையிலிருந்து நடந்த சமையல் முழுவதும் அவர் பெயருக்கு மாறிவிடும்.

“அப்பா சமையல் சூப்பர்!” என்பான் பையன்.

“நான் என்னடா பண்ணேன், தானா வெந்துச்சு” என்பார், பெரிய அடக்கத்தோடு. என்ன அடக்கம் பாருங்கள்! தன் பங்கைக் குறைத்துக்கொள்வது போல, இன்னொருத்தி பங்கை மொத்தமாகத் துடைத்தெடுக்கும் அடக்கம்.

மிளகு தூவும் கையைப் படம் எடுத்து அலுவலகக் குழுவில் போட்டார். “உங்க வீட்டம்மா குடுத்து வச்சவங்க சார்” என்று பதினோரு பேர் எழுதினார்கள். அந்த நேரத்தில் குடுத்து வச்சவங்க ஏழாவது சிக்னலில் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தார்கள்.

விஷயம் இதோடு நின்றிருந்தால் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். அந்த அலுவலகம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் இலவசமாக அனுப்ப முடிவு செய்தது. பெயர், ‘நேரமில்லாத குடும்பங்களுக்கு நிதானமான சமையல்’. முதல் பக்கம் தலைமை எழுத்தருக்கு. ஒரு புதன்கிழமை ராத்திரி, அச்சுக்குப் போகும் பக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, கைகழுவிக்கொண்டிருந்த மனைவியிடம் நீட்டினார். அவர் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தார்.

‘ஊறவைத்த ராஜ்மா, கோழித் துண்டுகள், வெங்காயம், தக்காளி ஆகியவற்றைப் பானையில் போட்டு, தண்ணீர் ஊற்றி மூடவும். குறைவில் வைக்கவும். எட்டு மணி நேரத்தில் தானாக வெந்துவிடும். இறுதியில் மிளகு தூவவும். கைப்பக்குவமே இதில்தான் இருக்கிறது.’ பக்கத்தில் மிளகுடப்பாவோடு புகைப்படம்.

டிரைவரக்கா இரண்டு தரம் படித்தார்.

“ஏங்க, இந்தத் தானா யாருங்க?”

“என்னது?”

“தானா வெந்துடும்னு போட்டிருக்கே, அந்தத் தானா. எங்க வேலை பாக்குறாரு? எத்தனை மணிக்கு எந்திரிக்கிறாரு?”

“ஐயே, பேச்சுக்கு எழுதறதும்மா.”

“பேச்சுக்கு எழுதினதைத் தின்னுட்டு ஊரே வாந்தி எடுக்கப் போகுது. ராஜ்மா ஊறின தண்ணியக் கொட்டிட்டு, வேற தண்ணி ஊத்தி, அடுப்புல பத்து நிமிஷம் தளதளன்னு கொதிக்க விட்டுத்தான் பானையில போடணும். பச்சையாப் போட்டா அதுல இருக்கற விஷம் போகாது. இந்தப் பானையோட சூடு அதுக்குப் பத்தாது. அதை எங்க எழுதியிருக்கீங்க?”

கணவர் யோசித்தார். “ஆறு வருஷமா சாப்பிடறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே?”

“ஒண்ணும் ஆகாம நின்னது நான்! நாலு மணிக்கு, அந்த அடுப்பு முன்னாடி!”

பெண் கணக்குப் புத்தகத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துச் சிரித்தாள்.

“சரி, நாளைக்கு மத்தியானம் அச்சுக்குப் போகுது. இப்பப் போய்த் தப்புன்னு சொன்னா என் மானம் என்னாகும்? ஒரு வரிதானே, சின்ன விஷயம்.”

“பிரேக்கும் சின்ன விஷயந்தான். பாக்காம வண்டிய எடுக்கட்டுமா?”

அதற்கு மேல் அந்த வீட்டில் தட்டுகள் மட்டும் பேசிக்கொண்டன.

மறுநாள் நடுப்பகல் ஓய்வில், சீருடையோடு, சாவிக்கொத்து இடுப்பில் குலுங்க, டிரைவரக்கா காப்பீட்டு அலுவலகத்தின் படியேறினார். கணவர் அவரைப் பார்த்ததும் ஒரு கோப்பைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார். கோப்பு தலைகீழாக இருந்தது.

புத்தகத்துக்குப் பொறுப்பான அதிகாரி அம்மாள் இருந்த மேசைக்கே டிரைவரக்கா நேராகப் போனார்.

“முதல் பக்கத்துல ஒரு வரி விட்டுப்போச்சுங்க.”

“அது சார் எழுதினதாச்சே மேடம். அவரே சமைக்கிறதா...”

“எழுதினது சார். சமைச்சது தானா. அந்தத் தானா நான்தான். சேதி சொல்லிட்டுப் போக வந்தேன்.”

பிறகு ராஜ்மா விவகாரத்தை நடத்துநர் ஸ்டாப் பேர் சொல்வது போல வரிசையாகச் சொன்னார். அதிகாரி அம்மாளின் முகம் வெளுத்தது. கவனியுங்கள்: ஒரு பெண்ணின் ஆறு வருஷ உழைப்பு காணாமல் போனதற்கு வெளுக்கவில்லை. எண்ணூறு வாடிக்கையாளர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அதே அலுவலகத்தில் மருத்துவச் செலவு கேட்டு வரிசையில் நிற்கும் காட்சி கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. எதற்கு வெளுத்தால் என்ன, தொலைபேசியை எடுத்து அச்சகத்தை நிறுத்தினார்.

“சார், இங்க வாங்க. பக்கத்துல இடம் இல்ல. கொதிக்க வைக்கிறதைச் சேர்க்கணும்னா எதையாவது எடுக்கணும். உங்க படமா, மிளகா?”

ஒரு மனிதனுக்கு இப்படியும் ஒரு சோதனை வருமா? தலைமை எழுத்தர் மனைவியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மிளகைப் பற்றி நினைத்தார். அலுவலகமே பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தது.

“மிளகு போகட்டும்” என்றார், ஈனசுரத்தில்.

“அந்தத் ‘தானாக’வும் போகட்டும்” என்றார் டிரைவரக்கா. அதிகாரி அம்மாள் சிவப்பு மையால் அடித்தார்.

புத்தகம் சரியாக வெளிவந்தது. யாருக்கும் வயிறு வலிக்கவில்லை. சமைத்தவர் பெயர் எங்கும் இல்லை. படம் மட்டும் பல்லிளிக்கிறது. எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை. ஆனால் படம் போட்டுக்கொண்டவருக்கு ஒரு வினை வந்தது. வாடிக்கையாளர்கள் அலுவலகத்துக்கே போன் போட்டு அவரைக் கேட்டார்கள். நுரை வந்தால் எடுக்கணுமா சார்? மூடி போட்டா, போடாமலா? பத்து நிமிஷம் எப்போதிலிருந்து சார்? “லைன்ல இருங்க” என்று சொல்லிவிட்டு எத்தனை நாள்தான் மனைவிக்குப் போன் போடுவது? அதுவும் அவர் வண்டி ஓட்டும்போது போனை எடுப்பதே இல்லை.

திங்கட்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு வீட்டில் அலாரம் அடித்தது. எழுந்தவர் தலைமை எழுத்தர். ஊறின தண்ணீரைக் கொட்டினார், புதுத் தண்ணீர் ஊற்றினார், பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினார், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி விறைப்பாக நின்றார். டிரைவரக்கா காக்கிச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தச் சமையலறையில் அந்த நேரத்தில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“எட்டு நிமிஷம் ஆச்சு. ஒரு குமிழி கூட வரலையே?” என்றார் கணவர் கவலையோடு.

டிரைவரக்கா எட்டிப் பார்த்தார்.

“அடுப்பப் பத்த வைங்க. அது தானா பத்திக்காது.”