செல்வராஜ் அண்ணன் வாய் திறந்த நாள்

செல்வராஜ் அண்ணனின் மனைவி புஷ்பம் அக்காவின் அழைப்பு வந்தபோது நான் நோர்வூட்டில் என் மருந்துக் கடையில் மருந்துப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். “நானா” என்றார், முஸ்லிம் கடைக்காரனான என்னை எல்லோரும் அழைப்பது போல. “அவரு போயிட்டாருங்க.” வேறு எதையும் கேட்பதற்கு முன், “பழைய நோய் வருத்தம் திரும்பிருச்சா?” என்றுதான் கேட்டேன்.

“இல்லீங்க. சோறு தின்னுட்டு நாற்காலியில சாஞ்சாரு. தேத்தண்ணி கொண்டு போனேன், உசிரு இல்ல. நெஞ்சு நின்னுருச்சுனு டாக்டர் சொல்றாங்க.”

கண் கலங்கியது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. அவரை அறிந்து, இந்த நினைவுக் குறிப்பைப் படிக்கும் உங்களிடம் அதை மறைக்க வேண்டியதில்லை. ஏழு வருடங்களுக்கு முன் அவர் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். அந்த நோயில் போகாமல், எழுபத்து நான்கு வயதில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறியை முப்பது வருடம் ஓட்டியவர் செல்வராஜ் அண்ணன். லொறி வருவதற்கு முன்பே அவர் குரல் கடைத்தெருவுக்கு வந்துவிடும். ஒருமுறை மண்சரிந்து பாதை பாதியாகக் குறுகி, இரு பக்கமும் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. அண்ணன் இறங்கி, தமிழிலும் சிங்களத்திலும் எல்லோரையும் திட்டிச் சிரிக்கவைத்து, பஸ்களைப் பின்னுக்கு எடுக்கச் செய்து, ஓர் அம்புலன்ஸை அனுப்பிவைத்தார். “வாய் இருக்குறது எதுக்கு? கொட்டாவி விடவா?” என்பார்.

அந்த வாய் ஒரே ஒரு விஷயத்தில் மூடிக்கொண்டது. புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று கண்டியில் சத்திரசிகிச்சை செய்து, சுரப்பியை அகற்றி, பிறகு சிறுநீர் போவதற்கு மாட்டியிருந்த குழாயையும் கழற்றி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சில வாரங்களில் கடைக்கு வந்து, ஒன்னுக்குப் போனால் எரிகிறது, மாத்திரை வேண்டும் என்றார். கொடுத்தேன். பத்து நாளில் மறுபடி வந்தார். அப்போதும் கொடுத்தேன், அது என் பிழை. மூன்றாம் முறை காய்ச்சலோடு வந்து நின்றார். 

“மாத்திரை தரமாட்டேன். வேற என்ன இருக்கு, சொல்லுங்க” என்றேன்.

வெளியே பார்த்தார். கடையில் வேறு யாரும் இல்லை. “சிரிக்கக்கூடாது நானா. ஒன்னுக்குப் போறப்ப காத்து வருது. பொறவு... பின்னாடியும் தண்ணி மாதிரி போவுது. புஷ்பத்துக்கிட்டகூட சொல்லல.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. கடையைச் சாத்திவிட்டுக் கண்டி ஆஸ்பத்திரிக்கு ஒரு வேன் பிடித்தேன். கினிகத்தேனையைத் தாண்டும்போது, “திருப்பிருவோமா? பொம்பளை டாக்டரு இருந்தா எப்புடிச் சொல்றது?” என்று கேட்டார். “நான் சொல்றேன்” என்றேன்.

இருந்தது பெண் டாக்டர்தான். நான் வாய் திறக்குமுன் அண்ணனே நல்ல சிங்களத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். சிறுநீர்ப் பாதைக்கும் மலக்குடலுக்கும் நடுவே சின்ன ஓட்டை விழுந்திருக்கிறது, இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மிக அரிதாக வரும் சிக்கல் என்று பரிசோதனைகளுக்குப் பின் டாக்டர் விளக்கினார். அந்த வழியாகக் கிருமி ஏறித்தான் காய்ச்சல். புண் ஆறுவதற்காகச் சிறுநீருக்கு மறுபடி குழாய் போட்டார்கள். மலம் அந்தப் பக்கமே போகாதபடி குடலை வயிற்றுக்கு வெளியே திறந்து ஒரு பை மாட்டினார்கள். “தானாக மூடலாம். மூடாவிட்டால் இன்னொரு சத்திரசிகிச்சை” என்றார் டாக்டர்.

சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை அறைகளான லயத்து வாழ்க்கையில் அந்தப் பையோடு இருப்பது எளிதல்ல. புஷ்பம் அக்கா பையைத் தாங்க ஒரு துணிப்பட்டி தைத்துக் கொடுத்தார். இறம்பொடையில் மருமகள் முறைப் பெண்ணின் கல்யாணத்தில் பந்தியில் இருக்கும்போது பை கசிந்துவிட்டது. பக்கத்து ஆள் முகத்தைச் சுளித்திருக்கிறார். அண்ணன் எழுந்து, “வயித்துல ஒப்பரேசன் பண்ணிப் பை வச்சிருக்குங்க. கழுவிட்டு வந்து மிச்சத்தச் சாப்புடுறேன்” என்றாராம். சொன்னபடி வந்து பாயாசமும் குடித்திருக்கிறார். கை கழுவும் இடத்தில் ஒரு பெரியவர் அவரை ஒதுக்கமாக அழைத்து, தனக்குச் சிறுநீரில் இரத்தம் போவதாகச் சொல்ல, அந்த வாரமே அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப்போனதும் அண்ணன்தான்.

நான்கு மாதம் கழித்துச் சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயில் ஓட்டை சிறுத்திருந்தது, மூடவில்லை.  இன்னும் மூன்று மாதம் பொறுத்தோம். அடுத்த படத்தில் ஒரு துளி சாயமும் கசியவில்லை. ஆஸ்பத்திரி வாட்டுக்கு வெளியே என் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு குழாயைக் கழற்றினார்கள், குடலையும் உள்ளே சேர்த்துத் தைத்தார்கள். அதன்பின் எடுத்த இரத்தப் பரிசோதனைகளில் புற்றுநோயும் தலைகாட்டவில்லை.

இப்போதெல்லாம் ஒருவர் அதே மாத்திரைக்கு இரண்டாம் முறை வந்தால், உள்ளே அழைத்து உட்காரவைத்து, வேறு என்ன தொல்லை என்று கேட்கிறேன். பலர் தரையைப் பார்க்கிறார்கள். அப்போது செல்வராஜ் அண்ணனின் கதையைச் சொல்கிறேன். அதற்கு அவரிடம் முன்பே அனுமதி கேட்டிருந்தேன். அன்று அவர் சொன்னதுதான் என்னிடம் மிஞ்சியிருப்பது: “என் பேரச் சொல்லியே சொல்லுங்க நானா. பேரு இல்லாட்டி, யாரோ எவனோன்னு விட்டுருவாங்க.”