உதட்டில் வைத்த கோப்பை

பக்கவாதம் வந்தபின் வலக்கைக்கு உயிர் திரும்பிவிட்டது, தொண்டைக்குத் திரும்பவில்லை. தண்ணீர் குடித்தால் புரையேறும். "இன்னொரு தடவ தண்ணி நுரையீரலுக்குள்ள போச்சுன்னா, மூக்கு வழியா டியூப் போட்டுதான் சாப்பாடு" என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாற்பது வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள் நான். டியூபில் கஞ்சி ஏற்றிக்கொண்டு கிடப்பேனா? ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

விழுங்கும் பயிற்சி சொல்லித்தரும் பெண்ணுக்கு என் மகள் வயது. மல்லாந்து படுத்து, தோளைத் தூக்காமல் தலையை மட்டும் தூக்கிக் கால்விரலைப் பார்க்கச் சொன்னாள். தேத்தண்ணியில் ஒரு மாவைக் கலந்து கெட்டியாக்கிக் குடிக்கச் சொன்னாள். அது சளி மாதிரி இருந்தது. தேயிலைக் காட்டில் வாழ்ந்தவளுக்கு இதுவா என்று ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்திலேயே தினமும் மூன்று வேளை தலையைத் தூக்கினேன். வீட்டுக்காரர் கட்டிலோரம் நின்று எண்ணுவார். இரக்கப்பட்டு இருபதிலிருந்து முப்பதுக்குத் தாவுவார்.

"ஒழுங்கா எண்ணுங்க லா" என்பேன். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவோம்.

ஆறு வாரம் கழித்து, பயிற்சிப் பெண் எதிரில் காகிதக் கப்பில் வெறும் தண்ணீர் குடித்தேன். இருமல் இல்லை. வீட்டிலும் அப்படியே குடிக்கலாம் என்றாள். வீட்டில் குடித்தால் புரையேறிக் கண் பிதுங்கியது. மறுநாளும் அதே கதை. அன்று நான் அழுதேன்.

"வீட்டுல எப்படிக் குடிக்கிறீங்கம்மா? செஞ்சு காட்டுங்க" என்று அடுத்த முறை போனபோது பயிற்சிப் பெண் காலி பாட்டிலைக் கொடுத்தாள். கை தானாக உயர்ந்தது, தலை அண்ணாந்தது.

"அதான்மா. அண்ணாந்தா தண்ணி மூச்சுக்குழாய்க்குள்ள எறங்கிடும். வாய் வச்சு, தாடைய நெஞ்சோட சேத்து முழுங்குங்க."

காட்டில் ஒரே பாட்டிலில் பத்துப் பேர் குடிப்போம். வாய் வைத்தால் எச்சில். வைத்தவளை நானே ஏசியிருக்கிறேன். வீட்டுச் சொம்பிலும் என் உதடு பட்டதில்லை. குடித்ததும் தூக்கி எறிகிற காகிதக் கப் என்பதால்தான் அன்று அதில் வாய் வைத்தேன்.

திரும்பும் வழியில் தானா ராத்தா டவுன் கடையில் எனக்கென்று ஒரு பீங்கான் கோப்பை வாங்கினேன். மாலையில் மாவு கலக்காத தேத்தண்ணியை அதில் ஊற்றி, உதட்டை வைத்து, தாடையைத் தாழ்த்தி ஒரு மடக்கு விழுங்கினேன். வீட்டுக்காரர் என் முதுகைத் தட்டக் கையை ஓங்கியபடி நின்றார். இருமல் வரவில்லை.

"கைய எறக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மடக்கை எடுத்தேன்.