இல்லாத சினேகிதி

மகளுக்குப் பதினைந்து வயதானபோது நாங்கள் வெரிபீ என்ற புறநகரில் புது வீடு கட்டிக் குடிவந்தோம். அவளுக்குப் பள்ளிக்கூடமும் மாறியது. பின்னேரம் வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கணினிக்கு முன்னால் இருந்துவிடுவாள். முகநூல்தான். சாப்பாட்டுக் கோப்பையும் அங்கேயே போகும்.

"ஆரோட பிள்ளை கதைக்கிறாய்?"

"ஜஸ்ட் ஃப்ரெண்ட்ஸ், அம்மா."

நான் அனுப்பிய நட்புக் கோரிக்கையை அவள் ஏற்கவேயில்லை. "விடுமப்பா, இந்த வயசில எல்லாப் பிள்ளையளும் இப்பிடித்தான்" என்றார் கணவர். என்னால் விட முடியவில்லை. வேலைக்குப் போகும் ரயிலில் கைப்பேசியில் ஒரு பொய்க் கணக்குத் தொடங்கினேன். சிட்னி மெரிலேண்ட்ஸில் படிக்கும் தமிழ்ப் பெண், வயது பதினாறு, படத்துக்கு ஒரு பூனை. அன்று பின்னேரமே மகள் என்னைச் சேர்த்துக்கொண்டாள்.

என் ஆங்கிலம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் எழுதுவதே அரைச் சொல்லும் கால் சொல்லும்தான். என் பிழைகள் அதற்குள் மறைந்துவிட்டன.

யாரோ பையன் இருப்பான் என்று தேடினேன். ஒருவனும் இருக்கவில்லை. நானூற்றுச் சொச்சம் நண்பர்கள் இருந்தும் அவள் போட்ட படங்களை இரண்டு மூன்று பேர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வகுப்புப் பிள்ளைகள் தங்கள் குழுவிலிருந்து தன்னை நீக்கிவிட்டதையும், மதியச் சாப்பாட்டை நூலகத்தின் பின்பக்கத்தில் தனியே இருந்து சாப்பிடுவதையும் எனக்கு எழுதினாள்.

அம்மாவிடம் சொல்லலாமே என்று பதில் போட்டேன்.

"சொன்னால் அழுவா. பிறகு நான்தான் அவவுக்கு ஆறுதல் சொல்லவேணும்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்.

அன்று இறங்கவேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

இப்படியே மூன்று மாதம். ஒருநாள் மகள் தானாகவே வந்து, விடுமுறைக்குச் சிட்னியில் பெரியம்மா வீட்டுக்குப் போவோமா என்று கேட்டாள். எங்கும் வரமாட்டேன் என்று நிற்கிற பிள்ளை. எனக்கு உடனே விளங்கிவிட்டது. அடுத்த நாள் காலை ரயிலில் பார்த்தால் செய்தி வந்து கிடந்தது: மெரிலேண்ட்ஸுக்கு வருகிறேன், உன்னைக் கட்டாயம் பார்க்கவேண்டும்.

பயத்தில் அந்தக் கணக்கையே அழித்துவிட்டேன். போகிறேன் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

இரண்டு நாள் கழித்துக் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் வந்து கதவோடு நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"அம்மா, ஒரு ஃப்ரெண்ட் திடீரெண்டு ஒண்டும் சொல்லாமல் போனால், நான் என்ன பிழை விட்டிருப்பன்?"

அத்தனை மாதத்தில் அவள் என்னிடம் மனம் திறந்து கேட்ட முதல் கேள்வி அது.

"நீ ஒரு பிழையும் விடேல்லை."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய்விட்டாள். சிட்னிப் பயணம் வேண்டாம் என்று தகப்பனிடம் சொல்லியிருக்கிறாள். நூலகத்தின் பின்பக்கத்தில் அவள் தனியே சாப்பிடுவது எனக்குத் தெரியும். ஆனால் தெரியும் என்று சொல்ல வழியில்லை. மறுபடியும் கணினிக்கு முன்னால் போய் இருந்தாள், முன்னையைவிடக் கூடுதலாக.

இப்போது வேறு நகரத்தில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பாள். "எல்லாம் ஓகே அம்மா" என்பாள். நானும் அதற்குமேல் கேட்பதில்லை.