வேலிக்கு அப்பால் போன பழத்தட்டு

ஒருவர் மனமுவந்து கொடுத்த பழத்தை ஆட்டுக்குப் போடுவது எந்த வகைக் குற்றம்? சட்டத்தில் அதற்குப் பிரிவு இல்லை. பல்கலைக்கழகத்தில் நான் படித்த சமூகவியலில் அதற்குப் பெயர் இருந்தது, தண்டனை இருக்கவில்லை. அதை நானே தேட வேண்டியிருந்தது.

அக்கராயன் கிராமத்தில் எங்கள் வளவையும் பக்கத்து வளவையும் ஒரு கம்பிவேலி பிரிக்கிறது. அப்பால் இருப்பது, யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துப் பாசனக் காணிக்கு வந்து குடியேறிய குடும்பம். நாங்கள் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களின் வழி. எந்தப் பருவத்தில் எது விளைந்தாலும் முதல் தட்டு அயலுக்குப் போக வேண்டும் என்பது அம்மாவின் நியதி. நெல் வெட்டி முடிந்த கையோடு தடித்த பச்சைத் தோலும் நீர்ச்சதையுமாய் வத்தகப்பழம், வைகாசியில் மாம்பழம், ஆடியில், காட்டோரம் பொறுக்கிய, உதட்டோடு உதட்டை ஒட்டவைக்கும் பாலைப்பழம். அந்த வீட்டு அன்ரி தட்டை ஒருபோதும் வெறுமையாகத் திருப்பியதில்லை. கடையில் வாங்கிய பிஸ்கற் பைக்கற் ஒன்று அதில் இருக்கும்.

“பாத்தியா புள்ள, வெறுந்தட்டாக் குடுக்கமாட்டாங்க. நம்மளயும் அவங்கள்ல ஒருத்தராத்தான் வச்சிருக்காங்க,” என்பார் அம்மா. இந்த ஊர் தன்னை ஏற்றுக்கொண்டதற்கு அவரிடம் இருந்த ஒரே சான்று அந்தத் தட்டுத்தான்.

ஓர் ஆடி மாத மாலை, பாலைப்பழத்தைக் கொடுத்துவிட்டு வந்த நான், அங்கே மறந்துவிட்ட கைபேசியை எடுக்கத் திரும்பிப் போனேன். குசினிக்குப் பின்னால் அன்ரி தன் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“தோட்டக்காட்டார் தந்ததை ஆர் தின்னுறது? வழமை போல ஆட்டுக்குப் போடுங்கோ.”

தோட்டக்காட்டார் என்பது எங்கள் ஆட்களை இழிவாகச் சொல்லும் சொல். ஆடுகள் ஏற்கெனவே கத்தத் தொடங்கியிருந்தன. அவற்றுக்கும் அது வழமைதான்.

அன்றிரவு எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்தேன். அம்மாவிடம் சொன்னால் அவர் உடைந்துபோவார். வேலியோரம் நின்று சண்டை பிடித்தால் அன்ரி மறுப்பார். ஊர் அவரைத்தான் நம்பும். ஆகவே, அவரால் மறுக்கவும் முடியாத, துப்பவும் முடியாத ஓர் இடம் வேண்டும். அது கிடைக்கும்வரை தட்டு போய்க்கொண்டே இருக்கட்டும் என்று முடிவெடுத்தேன்.

புரட்டாசியில் விளாம்பழம் கொண்டுபோனேன். மழை தொடங்கியதும் கீரைக்கட்டு. தையில் பூசணி. ஒவ்வொரு முறையும் வேலிக்கு அப்பால் ஆடுகள் கத்தின.

“வடிவாச் சாப்பிடுங்கோ அன்ரி.”

“ஓம் பிள்ளை. போன முறை தந்ததும் நல்ல ருசி எண்டு அம்மாட்டைச் சொல்லும்.”

சொன்னேன். அம்மா மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சியையும் அன்ரியின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன்.

பங்குனியில் ஊர்க் கோயிலில் அன்னதானம். ஒவ்வொரு வீட்டு மரக்கறியும் ஒரே குவியலில் விழும். எது யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. நாங்கள் எடுத்து வைத்திருந்த பூசணிகளை விடியுமுன்பே கொண்டுபோய்க் கொடுத்து, நானே நின்று வெட்டினேன். பந்தி தொடங்கியதும் பூசணிக் கறி வாளியையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். கோயில் இலையில் விழுந்ததை மிச்சம் விடக் கூடாது என்று ஊர்ப் பிள்ளைகளை அதட்டுகிறவர் அன்ரி. அவரது இலையில் தாராளமாகவே போட்டேன்.

இரண்டாம் முறை நான் வந்தபோது அவர் நிமிர்ந்தார். “இன்னும் கொஞ்சம் போடும் பிள்ளை. ஆற்றை தோட்டத்துப் பூசணி இது? தேன் மாதிரிக் கிடக்கு.”

நிறையப் போட்டேன். பிறகு, பந்தி முழுவதற்கும் கேட்கும்படி சொன்னேன்: “எங்கடை தோட்டத்துதான் அன்ரி. தையில இதே கொடிக் காயை உங்கடை ஆடுகள் திண்டதுகள். அதுகளும் மிச்சம் வைக்கேல்லை.”

“அப்ப ஆட்டுக்கும் அன்னதானம் நடந்திருக்கு!” என்று எதிர்வரிசைப் பெரியவர் ஒருவர் சிரித்தார்.

“என்ன கதை கதைக்கிறீர்?” அன்ரியின் குரல் தாழ்ந்திருந்தது.

“‘தோட்டக்காட்டார் தந்ததை ஆர் தின்னுறது’ எண்டு ஆடியில நீங்கள் கதைச்ச கதைதான்.”

சிரிப்பு நின்றது. அன்ரி இலையைப் பார்த்தார். எழுந்தால் கோயில் சோற்றை அவமதித்தவராவார். எல்லோரும் பார்த்திருக்க, குனிந்து, கடைசித் துண்டுவரை தின்றார். நான் வாளியோடு அங்கேயே நின்று பார்த்தேன். இன்றுவரை அதற்காக வருந்தியதில்லை.

தண்ணீர் ஊற்றிக்கொண்டு பந்தியின் கோடியில் நின்ற அம்மாவை நான் கவனித்திருக்கவில்லை.

வீடு வந்ததும் அம்மா, “ஆடியிலயே ஒனக்குத் தெரியுமா?” என்றார்.

“ஓம்.”

“தெரிஞ்சிருந்துமா தையில எங் கையால பூசணிய வெட்ட வச்சு அவங்க வீட்டுக்குக் கொண்டுபோன?”



சித்திரையில் அந்தப் போகத்தின் கடைசி வத்தகப்பழங்களை அம்மா வெட்டினார். தட்டு அலுமாரியிலேயே இருந்தது. பழத்தை நாங்கள் தின்று முடித்ததும், அவர் தோலை அள்ளிக்கொண்டு போய், அன்ரி முற்றத்தில் நிற்கும்போதே, கம்பிவேலிக்கு மேலால் ஆடுகளுக்குப் போட்டார்.

அதன் பின் எங்கள் வளவிலிருந்து அந்த வேலியைத் தாண்டிப் போவது தோல் மட்டுமே.