நான் சிவப்புக் கொடி நட்ட இடங்கள்

கட்டாரில் பதினொரு வருடம் கையில் மெட்டல் டிடெக்டரோடு நின்றவன் நான். பெரிய கடைத்தொகுதி ஒன்றின் வாசலில், உள்ளே வருகிறவர்களின் இடுப்பைச் சுற்றி அந்தக் கறுப்புத் தடியை ஓட்டுவதுதான் வேலை. கல்முனைக்குத் திரும்பியபின் அதை "டிடெக்டர் லைன்ல இருந்தேன்" என்று சொல்லிக்கொள்வேன். பாலைவனத்தில் எண்ணெய் தேடியிருப்பேன் என்று கேட்கிறவர்கள் நினைப்பார்கள். நான் திருத்தியதில்லை.

நுணலும் தன் வாயால் கெடும். அறுகம்பேக்குத் தெற்கே கடலோர மணல்மேடு ஒன்றில், யாரோ வேலிக்குக் குழி தோண்டும்போது தேய்ந்த செப்புக் காசு ஒன்று வந்தது. ரோமர் காலத்துக் காசாம். பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர், மட்டக்களப்புப் பெண், முறையான அனுமதி எடுத்து இரண்டு வார அகழ்வு தொடங்கினார். மண்ணுக்குள் உலோகம் எங்கே கிடக்கிறதென்று மெசினால் பார்த்துச் சொல்ல அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. என் மச்சான் என் பெயரைக் கொடுத்துவிட்டான்.

"நானாக்கு இதுல அனுபவம் இருக்கா?" என்று அந்த மிஸ் என்னை அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"பதினொரு வருசம், மிஸ்."

அது பொய்யில்லை. அதுதான் பிரச்சினையே.

தேத்தண்ணிக்கடையில் செய்தி பரவிவிட்டது. "புதையல் தோண்டப் போறீங்களாம், பொலிசுக்குச் சொல்லிட்டா போறீங்க?" என்று சிரித்தார்கள். எனக்கு ரோசம் வந்தது. இன்னும் இரண்டு கிழமையில் நான் எடுத்த சாமானோடு என் படம் பேப்பரில் வரும், பார்த்துக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு காசு வேண்டும். அரைக்காசு என்றாலும் போதும். வெறுங்கையோடு ஊருக்குள் வர முடியாது.

புறப்படுகிற காலை என் மனைவி ஒரு இஸ்முக்கூட்டோடு வந்து நின்றாள். ஓதி எழுதிய தாளைச் சுருட்டி அடைக்கிற சின்னச் செப்புக் குழாய் அது. இந்தத் தாயத்து விவகாரத்தில் என் பெருமையைச் சொல்ல வேண்டும். அல்லாஹ்விடம் கேட்க வேண்டியதைக் குழாயிடம் கேட்கிறோம், இது அவனுக்கு இணைவைக்கிற ஷிர்க் என்று இருபது வருடமாகக் கல்யாண வீடுகளில் பிறரின் சோற்றை ஆறவைத்துப் பேசியவன் நான். தாயத்து ஓதிக் கொடுக்கிற லெவ்வைமார் வாசலை மிதிப்பதில்லை என்று மனைவியிடம் வாக்கும் வாங்கியிருந்தேன்.

"இது எங்கால?" என்றேன்.

"எங்கட உம்மாட பெட்டிக்குள்ள பச்சை பிடிச்சுக் கிடந்த கூடு. கட்டுங்க. பழைய சாமான் கிடக்கிற இடத்துல ஜின் இருக்கும். ஆக்கள் காணாத இடத்துலதானே கட்டப் போறன்."

கொஞ்ச நேரம் உபதேசம் செய்தேன். பிறகு சேர்ட்டைத் தூக்கி இடுப்பைக் காட்டினேன். எனக்கும் பயம்தான்.

மணல்மேட்டில் என் வேலை இதுதான். நீளத் தடியோடு உள்ள பெரிய மெசினை ஆட்டிக்கொண்டு நடக்க வேண்டும். உப்பு மணலில் அது சும்மாவே முணுமுணுக்கும். சந்தேகமான இடத்தில் குனிந்து, சின்னக் கைமெசினை மண்ணில் வைத்து உறுதிப்படுத்த வேண்டும். எனக்குக் கண்பார்வை கொஞ்சம் குறைவு, தொப்பை கொஞ்சம் அதிகம். முழங்கால் போட்டு, தொப்பை மண்ணைத் தொடுமளவு குனிவேன். கைமெசின் உடனே வீரிட்டுக் கத்தும். சிவப்புக் கொடி ஒன்றை நடுவேன். பத்து நாளில் இருபத்தொரு கொடி நட்டேன்.

கொடிகளுக்குக் கீழே நான்கு சோடா மூடியும் ரின்மீன் அடைத்த தகரப் பேணி ஒன்றும் கிடைத்தன. மற்ற இடங்களில் மண்தான். நான் கொடி நடாத குழிகளிலிருந்து பழைய பானையோடுகள் வந்தன. மிஸ் அவற்றைப் பிள்ளையைப் போல ஏந்தினார். எனக்கு ஓட்டில் என்ன இருக்கிறதென்று விளங்கவில்லை. பகல் சோற்று நேரத்தில், மண் அரிக்கிற பொத்துவில் வேளாண்மைக்காரர் ஒருவரின் புயத்தில் தாயத்தைக் கண்டு அவருக்கும் ஷிர்க்கைப் பற்றி விளக்கினேன். மனிதர் கருவாட்டைக் கடித்தபடி பொறுமையாகக் கேட்டார்.

கடைசிக்கு முதல் நாள் காலை கைமெசின் ஊமையாகிவிட்டது. எங்கே வைத்தாலும் சத்தமில்லை. பற்றரியை மாற்றினேன், தட்டினேன், ஊதியும் பார்த்தேன். அப்போது அரிதட்டுப் பக்கமிருந்து அந்த வேளாண்மைக்காரர் மிஸ்ஸைக் கூப்பிட்டார். முந்தின நாள் மாலை நான் கடைசிக் கொடி நட்ட இடத்து மண்ணில், பச்சைக் களிம்பு பிடித்த சின்னச் செப்புக் குழாய் ஒன்று கிடந்தது.

மிஸ் அதைக் கையால் தொடவில்லை. இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்தார்.

"ரோம ஆக்களும் இப்பிடித்தான் நானா. தகட்டுல மந்திரம் எழுதிச் சுருட்டி, குழாய்க்குள்ள வச்சுக் கட்டிக்கொள்ளுவாங்க. இஞ்ச, இந்த மண்ணுல..." முடிக்காமல் பதிவேட்டில் இலக்கம் எழுதினார். என்னைத் தட்டோடு நிறுத்திப் படமும் எடுத்தார். பேப்பருக்கு என்று ஊரில் நான் சொன்ன அதே படம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

படம் எடுத்து முடியும்போதுதான் என் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே கயிறு இல்லை.

பதினொரு வருடம் ஆயிரமாயிரம் பேரிடம் முதலில் கேட்ட கேள்வி, உடம்பில் இரும்பு, செம்பு ஏதும் இருக்கிறதா என்பதுதான். என்னிடம் நான் ஒருநாளும் கேட்கவில்லை.

உடனே சொன்னேன் என்று எழுத ஆசை. சொல்லவில்லை. ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை வாய் திறக்கவில்லை. மாமியாரின் பெட்டியும் பழையதுதானே என்றுகூட மனம் வாதாடியது. பிறகு மிஸ், படித்த மனிதர்கள் நிறைந்த சபையில் நின்று என் மாமியாரின் குழாயைப் பற்றி விளக்குவதை நினைத்துப் பார்த்தேன். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

"மிஸ், அது என்ட."

"என்னது?"

"இடுப்புல கட்டியிருந்தன். அறுந்து விழுந்திருக்கு. மெசின் கத்தினதெல்லாம் அதுக்குத்தான்."

வேளாண்மைக்காரர்தான் சாந்தமாகக் கேட்டார்: "ஏன் நானா, ரோமாக்காரன்ட எண்டு படத்துக்கு நிண்டா ஷிர்க் இல்லையோ?"

ஊருக்குத்தான் உபதேசம்.

மிஸ் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "பதிவை வெட்டுறதெண்டா உள்ளுக்கு என்ன இருக்கெண்டு பாத்து எழுதோணும். நீங்களே திறங்க," என்றார். திறந்தேன். அரபு எழுத்தும் கட்டங்களும் இருக்குமென்று நினைத்தேன். வந்தது கொப்பித்தாள், நீலப்பேனை, தமிழ். என் மனைவியின் கோணல் எழுத்து. யோசிக்காமல் சத்தமாக வாசித்துவிட்டேன்.

"யா அல்லாஹ், இந்த மனிசனுக்கு அங்க ஒண்டாச்சும் கிடைக்கட்டும். ஊர் சிரிக்கிறத என்னால பாக்க ஏலாது."

ஜின்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவள் எந்த லெவ்வையிடமும் போயிருக்கவில்லை. நான் இருபது வருடமாகத் தொண்டை கிழியச் சொன்னபடியே, நேராக அவனிடம் கேட்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிஸ் பதிவேட்டில் ஒரு கோடு கிழித்துவிட்டு, எனக்கு முகம் காட்டாமல் அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

அகழ்வு முடிந்து வியாழன் பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். குழாயை மனைவியின் கையில் வைத்தேன். அவள் மூடியைத் திருப்பிப் பார்த்தாள்.

"வாசிச்சீங்களா?"

"ஓம்."

தலைமுக்காட்டைச் சரிசெய்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப, ஒண்டாச்சும் கிடைச்சுதா?"

"கிடைச்சுது," என்றேன்.