கொண்டையில்லாத மயில்

விபோர்க்கில், எங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு வீட்டில், போன மாரிக் குளிரில் அந்த இரும்புத் தகட்டை மறுபடியும் பார்த்தேன். இடுப்பளவு உயரம், மேல்பக்கம் வளைவு, விளிம்பைச் சுற்றி முறுக்கிய கயிறுபோல ஒரு கரை. நடுவில் சிறகை விரித்துத் தலையை ஒரு பக்கம் திருப்பி நிற்கும் பறவை. அதன் காலடியில் வீ, எம் என்று இரண்டு ஆங்கில எழுத்துகள். சின்ன வயதிலிருந்து எனக்கு அந்தத் தகட்டில் தெரியாத மேடு பள்ளம் கிடையாது. ஆனால் அதற்கு முன்னால் விறகு எரிந்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. எங்கள் பெரியப்பா வீட்டில் அது சாமியாக இருந்தது.

விளங்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்து இங்கிலாந்து வீடுகளில் சுவரோடு சேர்த்துக் கட்டிய கணப்பு இருக்கும். நாங்கள் இருக்கும் நாட்டில் டெனிஷ்காரர் அதைப் ‘பைஸ்’ என்பார்கள். நெருப்பு பின்சுவரின் செங்கல்லைத் தின்றுவிடாமலும், சூடு வீணாகாமல் அறைப்பக்கம் திரும்பி வரவும் ஒரு வார்ப்பிரும்புத் தகட்டைப் பின்னால் சாத்தி வைப்பார்கள். அதற்கு வெறும் இரும்பே போதும். ஆனால் மாரி முழுக்க அந்த மூலையையே பார்த்துக்கொண்டு இருக்கப்போகிறவர்களுக்கு வெறும் இரும்பு போதவில்லை. அரசனின் சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும், நங்கூரம், கிரீடம் தொங்கும் ஓக் மரம், பாம்பு சுற்றிய மரத்தடியில் ஆதாமும் ஏவாளும் என்று அதில் வராத உருவம் குறைவு. மரத்தில் செதுக்கிய அச்சை ஈரமணலில் அழுத்தி, கரைக்கு உண்மையான கயிற்றையே பதித்து எடுத்து, அந்தப் பள்ளத்தில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்களாம். மணலில் இடம்வலம் மாறிப் பதிவது இரும்பில் தானாகவே நேராகிவிடும் என்பதை மறந்து, எழுத்தைத் திருப்பிச் செதுக்கியவர்களும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் வார்த்த தகடுகளில் எழுத்துகள் இன்றுவரை திரும்பியே நிற்கின்றன. இதெல்லாம் நான் பிற்பாடு தேடிப் படித்தது. பெரியப்பாவின் விளக்கம் முற்றிலும் வேறு.

பெரியப்பா என் அப்பாவின் தமையன். ரண்டர்ஸ் என்ற டெனிஷ் ஊரில், மேசை கட்டில் செய்யும் தளபாடத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். நாங்களும் அவரும் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில்தான் குடியிருந்தோம். பெரியம்மா யாழ்ப்பாணத்திலிருந்து பிந்தித்தான் வந்து சேர்ந்தார். வந்த நாளிலிருந்து அவருக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை. குளிரைப் பொறுத்துக்கொண்டார், மாலை மூன்றரைக்கே இருட்டுவதைப் பொறுத்துக்கொண்டார், மீன்கடையில் சொன்னது விளங்காமல் வேறு மீனோடு வீட்டுக்கு வந்ததையும் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது ஒரு வெள்ளிக்கிழமைப் பூசை. கற்பூரம் கொளுத்திய கொஞ்ச நேரத்தில் கூரையில் புகையை உணரும் புகைக்கருவி அலற, கட்டடம் முழுக்க மணி அடிக்க, தீயணைப்பு வண்டி வந்து நின்றது. அத்தனை குடும்பமும் வீட்டுச் செருப்போடு வாசலில் நடுங்கிக்கொண்டு நிற்க, உயரமான ஒரு தீயணைப்புக்காரர் பெரியம்மாவின் கற்பூரத்தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார். அவர் மரியாதையாகத்தான் பிடித்திருந்தார். பெரியம்மாவுக்கு அதுதான் இன்னும் வெட்கமாகப் போய்விட்டது.

“கற்பூரம் கொளுத்தேலாத ஊரில நான் இருக்கமாட்டன். சாமி இல்லாத இடத்தில எனக்கென்ன வேலை? நான் போறன்” என்றார். அவர் கோபத்தில் சொல்லவில்லை என்பதுதான் எங்களைப் பயப்படுத்தியது. அன்றைக்கே சூட்கேஸை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கிக் கட்டில் பக்கத்தில் வைத்தார். கொழும்பிலிருந்த தங்கைக்கு டெலிபோன் எடுத்து, இந்த மாரி முடிய வந்துவிடுவேன் என்றார். பெரியப்பா வேலை முடிந்து வந்து, தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தச் சூட்கேஸையே பார்த்துக்கொண்டு இருப்பார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படிச் சுருங்கிப்போய் இருந்ததை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் வீடு தேடத் தொடங்கினார். ஊர் ஓரத்தில் ஒரு பழைய செங்கல் வீடு அமைந்தது. சரக்குக் கப்பலில் பொறியாளராக இருந்த ஒருவரின் வீடு. அவர் இறந்துபோக, மனைவியும் மகளும் விற்க வைத்திருந்தார்கள். பெரியப்பா முதலில் தனியாகப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தவருக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. அடுத்த கிழமை பெரியம்மாவையும், கூடவே என்னையும் அழைத்துக்கொண்டு போனார். குசினியைக் காட்டவில்லை, தோட்டத்தைக் காட்டவில்லை. நேரே கணப்புக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

“இஞ்சரும், நல்லாப் பாரும். ஆர் நிக்கிறார் எண்டு பாரும். மயில்! அது சுத்திவர இருக்கிறது தோகை. இந்தக் கரையைப் பாரும், முறுக்கிக்கொண்டு கிடக்கிறது பாம்பு. மயில் பாம்பைப் பிடிச்சு வைச்சிருக்கு. கீழ என்ன எழுதியிருக்கு? வீ எண்டா வேல். எம் எண்டா முருகன். நாங்கள் வாறதுக்கு முன்னமே அவர் வந்து இந்த வீட்டில குந்தியிருக்கிறார். நீர் என்னடாவெண்டா சாமி இல்லாத ஊரெண்டு சொல்லுறீர்.”

மூச்சு விடாமல் சொன்னார். முகம் வேர்த்திருந்தது. பிறகு கணப்புக்குள் தலையை நீட்டி மேலே புகைபோக்கியைக் காட்டினார். “புகை உதாலை நேர வானத்துக்குப் போகும். ஒரு மணியும் அடிக்காது. ஒரு வண்டியும் வராது.”

பெரியம்மா தகட்டைப் பார்த்தார். பெரியப்பாவைப் பார்த்தார். மறுபடியும் தகட்டைப் பார்த்தார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு மிக நீளமாக இருந்தது. கடைசியில் சேலைத் தலைப்பால் பறவையின் தலையிலிருந்த கரியைத் துடைத்துவிட்டு, “ஓம், மயில்தான்” என்றார். புது வீட்டுக்குப் போன அன்று சூட்கேஸ் வெறுமையாக மேல்மாடத்துக்கு ஏறியது.

அதன் பிறகு அந்தக் கணப்பில் ஒரு விறகும் எரியவில்லை. உள்ளே ஒரு பலகை, அதில் முருகன் படம், குத்துவிளக்கு. பின்னால் தகடு. எண்ணெய் பூசித் துடைத்த பறவையின் நெற்றியில் மூன்று விபூதிக் கோடு, நடுவில் சந்தனமும் குங்குமமும். வெள்ளிக்கிழமைகளில் கற்பூரப் புகை ஒழுங்காக மேலே ஏறிப் போகும். ரண்டர்ஸிலிருந்த எங்கள் ஆட்கள் பலர், மணியடிக்காத பூசையைப் பார்ப்பதற்கென்றே அங்கே வருவார்கள். இங்கே புகைபோக்கியை வருடாவருடம் துப்புரவாக்க ஆள் வருவது கட்டாயம். கறுப்புத் தொப்பியோடு வந்தவர் முதல் வருடம் கணப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். இந்த ஊரிலேயே இதுதான் மிகச் சுத்தமான புகைபோக்கி என்று சொல்லிச் சிரித்தார். பெரியம்மா அவருக்கு மோதகம் கொடுத்தார். பெரியப்பா மட்டும், அவர் வந்தால் போகும்வரை நிலைகொள்ளாமல் பக்கத்திலேயே நிற்பார். அவர் தகட்டைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தால், குளிரைப் பற்றியோ காற்பந்தைப் பற்றியோ கேட்டு அவரை வாசலுக்குக் கூட்டிப்போய்விடுவார். டெனிஷ் பேசிப் பழகுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பெரியப்பா சில வருடங்களுக்கு முன் காலமானார். போன வருடம் பெரியம்மாவுக்கு முழங்கால் ஏலாமல் போக, நான் இருக்கும் ஓல்போர்க்கிலேயே ஒரு முதியோர் குடியிருப்பில் வீடு எடுத்தோம். ரண்டர்ஸ் வீட்டை விற்பனைக்குப் போட்டபோது, இணையத்தில் வந்த படம் ஒன்றில் சாமியும் விளக்கும் தகடும் அப்படியே விழுந்திருந்தன. அதைப் பார்த்துவிட்டுத்தான், நாங்கள் அங்கே சாமான் கட்டி முடிக்குமுன், கப்பல்காரரின் மகள் வந்தார். இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது. விபோர்க்கில் இருக்கிறாராம். தகட்டைக் கேட்டு வரவில்லை. அப்பா இங்கிலாந்துத் துறைமுகம் ஒன்றின் பழைய இரும்புக் கடையில் வாங்கி வந்தது, சின்ன வயதில் அதன் முன்னால் படுத்துத்தான் பாடம் படித்தேன், ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். குங்குமம் வைத்த பறவையைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது.

பெரியம்மா கதிரையில் இருந்தார். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். இது எனக்குப் புதிதல்ல. டாக்டரிடமும், வங்கியிலும், கம்யூன் எனப்படும் நகரசபையிலும் எங்கள் பெரியவர்களுக்கு வாயாக இருந்துதான் நாங்கள் வளர்ந்தோம். ஆனால் அன்று அந்தப் பெண் சொன்ன ஒன்றை நான் தமிழுக்குக் கொண்டுவரவில்லை.

பெரியப்பா தனியாக வீடு பார்க்க வந்த அன்று அவருக்கு எல்லாவற்றையும் காட்டியது இவர்தானாம். தகட்டைப் பார்த்ததும் பெரியப்பா, இது ‘போஃபூல்’தானே என்று கேட்டிருக்கிறார். டெனிஷில் மயிலுக்கு அதுதான் பெயர். இல்லை, இது ‘ஃபூல் ஃபேனிக்ஸ்’, நெருப்பில் விழுந்து நெருப்பிலிருந்தே எழும்பும் பறவை, சுற்றி இருப்பது தோகை இல்லை தீக்கொழுந்து, கரை வெறும் கயிறு, எழுத்துகள் யாரோ ஒரு பழைய வீட்டுக்காரரின் பெயர் என்று இவர் விளக்கியிருக்கிறார். அதைக் கேட்ட பெரியப்பா, அடுத்த கிழமை என் மனைவி வருவா, தயவுசெய்து அவவிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள் என்றாராம். “நான் யாருக்கும் சொல்லவில்லை. இப்போதாவது சொல்லலாம்தானே?” என்று என் முகத்தைப் பார்த்தார்.

பெரியம்மாவும் என் முகத்தைப் பார்த்தார். “என்னவாம்?”

எத்தனை வெள்ளிக்கிழமைகள் அந்தப் பறவைக்கு விளக்கு வைத்தவர் அவர். நான் எப்படிச் சொல்வேன்? “அவவும் சின்னனில இதை மயிலெண்டுதான் நினைச்சவவாம், பெரியம்மா” என்றேன்.

பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். “பிள்ளை, அவ அப்பிடிச் சொல்லேல்லை.”

எனக்குக் காது சுட்டது.

“ஆஸ்பத்திரி லோன்றியில டெனிஷ்காரியளோட நிண்டு எவ்வளவு காலம் உடுப்பு மடிச்சனான். கதைக்கத்தான் வராது. போஃபூலுக்கும் ஃபேனிக்ஸுக்கும் வித்தியாசம் தெரியாதெண்டு நினைச்சியோ?” பிறகு தகட்டின் பக்கம் கையைக் காட்டினார். “அவ சொல்லித்தானோ எனக்குத் தெரிய வேணும்? பார்த்த அண்டைக்கே தெரியும். கொண்டையில்லாத மயில் எங்கயாவது இருக்கோ? சொண்டைப் பார். பருந்துச் சொண்டு.”

“அப்ப ஏன் பெரியம்மா ஒண்டும் சொல்லேல்லை?”

“அந்த மனுசன் வேர்க்க விறுவிறுக்க, பாம்பெண்டும் வேலெண்டும் சொல்லிக்கொண்டு நிக்குது. நான் இல்லையெண்டு சொன்னால் சூட்கேஸைத் தூக்க வேணும். அவர் மயிலெண்டார். நான் இருக்கிறனெண்டன். அவ்வளவுதான்.”

இத்தனை வருடமும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு எவ்வளவு சந்தோசமாக இருந்திருக்கிறார்கள் என்று நினைக்க, எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கப்பல்காரரின் மகள் ஒன்றும் விளங்காமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பெரியம்மா மெல்ல எழுந்து போய், ஈரத்துணியால் பறவையின் நெற்றியைத் துடைத்தார். “இதைக் கொண்டுபோகச் சொல்லு” என்றார். நான் மறுத்தேன். ஓல்போர்க் வீட்டில் ஒரு சுவரில் சாத்தி வைக்கலாமே என்றேன்.

“அவர் இருக்கேக்க அது மயில். இப்ப ஆர் எனக்கு அதை மயிலெண்டு சொல்லுறது? இனி அது அவையின்ர பறவைதான். நெருப்பில இருக்கட்டும்.”

முருகன் படமும் குத்துவிளக்கும் ஓல்போர்க்குக்கு வந்தன. அங்கே கூரையில் புகைக்கருவி இருக்கிறது. பெரியம்மா பற்றரி விளக்குத்தான் வைக்கிறார். கற்பூரம் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அவர் முறைப்பாடு சொல்லாதது எனக்கு இன்னும் பழகவில்லை.

போன மாரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கப்பல்காரரின் மகள் எங்களைக் கோப்பிக்கு அழைத்தார். அப்படித்தான் அந்த வீட்டுக்குப் போனோம். கணப்பில் விறகை அடுக்கிப் பற்றவைத்தார். தீ ஏற ஏற, தகட்டிலிருந்த கொழுந்துகளும் நிசமான கொழுந்துகளும் ஒன்றாகி, பறவை எழும்புவதுபோலத்தான் இருந்தது. செதுக்கியவன் இதற்காகத்தான் செதுக்கியிருக்கிறான் என்று அப்போதுதான் விளங்கியது. சிறகின் மடிப்பு ஒன்றில் துடைபடாத குங்குமம் கொஞ்சம் சிவப்பாகத் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் இரும்பு சூடேறியது. அதிலிருந்து ஒரு வாசம் மெல்லக் கிளம்பி அறையை நிறைத்தது. நல்லெண்ணெய், சந்தனம், கற்பூரம். இத்தனை காலமும் அந்த இரும்பில் ஊறியது எல்லாம் வெளியே வந்தது. கப்பல்காரரின் மகள் கேக்கை வெட்டியபடி, நெருப்பு மூட்டும்போதெல்லாம் இந்த வாசம் வருகிறது, எங்கள் காலத்தில் இது இருக்கவில்லை, என்ன இது என்று கேட்டார். எண்ணெய் என்று நானே சொல்லியிருக்கலாம். ஆனாலும் பழக்கத்தில் பெரியம்மாவின் பக்கம் திரும்பினேன்.

அவர் கோப்பிக் கோப்பையைக் கையில் வைத்தபடி நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ர மனுசன் எண்டு சொல்லு” என்றார்.

இந்தத் தடவை நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.