ஆற்றைக் கடந்த சோறு

போன வாரம் எங்கள் நசரத்பேட்டை வயலில் நெல் முற்றித் தலை சாய்ந்துவிட்டது. இன்னும் நாலு நாள் விட்டால் மணியெல்லாம் மண்ணில் உதிரும். அறுக்க ஆள்?

ஆள் இல்லை, குழந்தைகளே. ஊரில் கை கால் உள்ளவர்கள் எல்லோரும் ஆவடி மிலிட்டரி கேம்ப்பில் கல்லும் மண்ணும் சுமக்கிறார்கள். தினம் ரொக்கக் கூலி. யார்தான் போகமாட்டார்கள்?

கூவத்துக்கு அக்கரையிலிருந்து முனியம்மா பத்துப் பெண்களோடு வந்தாள். நானும் கேம்ப் மாதிரியே ரொக்கம் தருவதாகச் சொன்னேன் — பெரிய தாராளம் என்று எனக்கு நினைப்பு.

“காச வேக வச்சா துன்றது, நைனா?” என்றாள். “கடையில அரிசி எங்க கீது? வயக்கம்போல நெல்லா குடு.”

நியாயம்தான். இத்தனை நாள் கடைக்கு வந்ததெல்லாம் பர்மா அரிசி. யுத்தத்தில் அந்தக் கப்பல் நின்றுவிட்டது. உடனே சர்க்கார் ஒரு உத்தரவு போட்டது: பர்மிட் இல்லாமல் நெல்லோ அரிசியோ தாலுகா எல்லை தாண்டக்கூடாது. எங்கள் எல்லை... அந்த ஆறுதான்.

சாயந்திரம் கூலி நெல் அளந்தேன். ஆற்றங்கரைக் காவல்காரர் அத்தனையும் பிடுங்கிக்கொண்டார். மறுநாள் ஒருத்தியும் வரவில்லை.

அக்கரைக்கே போய்க் கூப்பிட்டேன். “அறுக்கறது நாங்க, வாரிக்கினு போறது அவுரா? போ நைனா” என்றாள் முனியம்மா.

வீட்டில் வந்து புலம்பினேன். “நெல்லு, அரிசின்னுதானே உத்தரவு?” என்றாள் என் மனைவி. “சோறுன்னு இருக்கா?”

எங்கள் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பழைய அரிசியை எடுத்துக் கொடுத்தாள். புது நெல் அதற்கு ஈடு. கூலி சோறாகவே என்று சொல்லி அனுப்பினேன்; முனியம்மா கூட்டம் திரும்பி வந்தது. சாயந்திரம் களத்திலேயே அடுப்பு மூட்டி வடித்தார்கள். ஆளுக்கு ஒரு சட்டி. நானும் கூடவே ஆற்றங்கரை வரை போனேன்.

காவல்காரர் முனியம்மாவின் சட்டி மூடியைத் திறந்தார். ஆவி பறந்தது.

“இன்னா இது?”

“தெரியல? சோறு, அண்ணாத்தே.”

“இத்தினி சட்டியா?”

“உன் பேப்பர்ல சோறு எய்திக்கீதா, பாரு.”

பார்த்தார். எழுதியிருக்கவில்லை. மூடியைத் திரும்பப் போட மட்டும் அவருக்கு மனசே வரவில்லை.

மூன்று நாளில் முக்கால் வயல் முடிந்தது. நாலாம் நாள் காலை வரப்பில் அவரே வந்து நின்றார். அன்று அவருக்கு லீவாம். ஒரு கையில் அரிவாள் — மறு கையில் காலிச் சட்டி.